அம்மாவின் செருப்பும் நாற்பது கோப்பைகளும்

மூன்று வருடங்களாக என் அலமாரியில் ஒரு ஸ்கெட்ச்புக் சும்மா கிடந்தது. கெட்டி அட்டை, நூல் போட்டுத் தைத்த முதுகு, தந்த நிறத் தாள், மூடிக் கட்ட ஒரு எலாஸ்டிக் பட்டை. பிறந்தநாளுக்குத் தம்பி வாங்கித் தந்தது. "நீதான் நல்லா வரைவியேக்கா, மறுபடி ஆரம்பி" என்று சொல்லிக் கையில் கொடுத்தான். அதை எத்தனை தடவை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு கோடுகூடப் போடவில்லை. அவ்வளவு நல்ல தாளில் போடுகிற மாதிரி என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தோன்றிவிடும்.

அந்த "நீதான் நல்லா வரைவியே"யில்தான் கோளாறு. வரைவதை விட்டுவிட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் யாரோ சிரித்ததாகவோ யாரோ திட்டியதாகவோ ஒரு கதை சொல்வார்கள். என் கதை தலைகீழ். என்னை யாரும் திட்டவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். வகுப்புச் சுவருக்குப் படம் வேண்டுமா, ஆண்டு மலருக்கு அட்டை வேண்டுமா, தோழிகளின் உயிரியல் நோட்டில் இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் வேண்டுமா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா என் நோட்டை எடுத்துவந்து காட்டுவார். பன்னிரண்டு வயதில் அது இனித்தது. பதினாறில் ஒவ்வொரு படமும் ஒரு பரீட்சையாகிவிட்டது. பேரைக் காப்பாற்ற வேண்டுமே! அதனால் எனக்கு வராததை நான் தொடவே மாட்டேன். பக்கவாட்டு முகம் வரும், நேர்முகம் வராது. ஆகவே நான் வரைந்த பெண்கள் அத்தனை பேரும் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைகள் சுத்தமாக வராது. ஆகவே எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இப்படியே தெரிந்ததைத் திரும்பத் திரும்ப வரைந்தால் எவ்வளவு நாள் ஓடும்? கல்லூரிக்குப் போனபோது நின்றது. பிறகு கணக்குப் பிரிவில் வேலை, கல்யாணம், பையன். யாராவது கேட்டால் "நேரமில்லை" என்பேன். அது பொய் என்று எனக்கே தெரியும். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

நாற்பத்தொரு வயதில் மறுபடி பேனாவை எடுத்தது ஒரு மருத்துவமனை அறையில். அம்மாவுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது நாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் போன் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. படிக்க ஒன்றுமில்லை. கையில் மருந்து ரசீதும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் இருந்தன. கட்டிலுக்கடியில் அம்மாவின் ரப்பர் செருப்பு, ஒன்று நேராகவும் மற்றது கொஞ்சம் கோணலாகவும் கிடந்தது. ரசீதின் பின்பக்கத்தில் அதை வரைய ஆரம்பித்தேன். 'வரையப் போகிறேன்' என்று நினைத்துக்கூட ஆரம்பிக்கவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் செய்த வேலை.

இடது செருப்பின் குதிகால் பக்கம் வெளிவிளிம்பு மட்டும் சரிந்து, தாள் மாதிரி மெலிந்து தேய்ந்திருந்தது. வலதில் அப்படி இல்லை. விரல்கள் பதிந்த இடத்தில் ஐந்து சின்னப் பள்ளங்கள். வாரில் ஒரு வெடிப்பு. இத்தனை வருடமாக வாசலில் தினம் பார்த்த செருப்பு. அன்றுதான் பார்த்தேன்.

அம்மா எப்போது விழித்தாளோ தெரியாது. "என்னடி கிறுக்கறே?" என்றாள். காட்டினேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது என் செருப்புல்ல?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"இடது குதிகால் தேஞ்சிருக்கே. வலது கால்ல வலின்னு ரெண்டு வருஷமா அதுலதானே பாரத்தைப் போட்டு நடந்தேன்."

அவ்வளவுதான். ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு வருட வலியை ரசீதில் அடையாளம் கண்டுகொண்டாள். எனக்கு உடம்பு லேசானது போல் இருந்தது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடாமலும் பேச முடியும் என்று அதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

பிற்பாடு அதை அசைபோட்டபோது, மூன்று வருடம் நடக்காதது அந்த இருபது நிமிடத்தில் எப்படி நடந்தது என்று யோசித்தேன். நான் கணக்குப் பார்க்கிறவள், எதையும் வரவு செலவில்தான் புரிந்துகொள்வேன். அந்த ரசீதில் படம் கெட்டால் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. தாள் எப்படியும் குப்பைக்குப் போவது. நேரம் எப்படியும் வீணாவது. பார்க்க யாருமில்லை. ஸ்கெட்ச்புக்கிலோ முதல் பக்கம் கெட்டால் முழு நோட்டும் கெட்டது, தம்பியின் நம்பிக்கை கெட்டது, 'நல்லா வரைவா' என்ற பழைய பெயர் கெட்டது. என் கைத்திறன் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். தவறுக்கு நான் கொடுக்க வேண்டிய விலைதான் வேறு. தைரியம் வந்த பிறகு வரையலாம் என்று காத்திருந்தேன். தைரியமே தேவைப்படாத இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ரசீதுச் சூழலை அப்படியே திரும்ப உண்டாக்கப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒரு பக்கம் அச்சாகி வீணான ஏ4 தாள்களைக் கேட்டு வாங்கி, நான்காகக் கிழித்து, ஒரு கிளிப்பில் மாட்டினேன். பின்பக்கம் யாருடைய நிலுவைத் தொகையோ இருக்கும். அதன் மேல் எந்தக் கோடு போட்டாலும் மரியாதைக் குறைவில்லை. பென்சிலை ஒதுக்கிவிட்டு பால்பாயிண்ட் பேனாவையே வைத்துக்கொண்டேன். பென்சில் இருந்தால் ரப்பர் வரும், ரப்பர் வந்தால் நான் வரைவதைவிட அழிப்பதுதான் அதிகம். பேனாவில் தப்பான கோட்டை ஒன்றும் செய்ய முடியாது, பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இரண்டு மூன்று தப்புக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் சரியான கோடு, ஒரே சுத்தமான கோட்டைவிட உயிரோடு தெரிந்தது. கை தேடிய தடம் தாளில் இருந்தது.

தாகூரை இங்கே நினைத்துக்கொள்வேன். 1913லேயே நோபல் பரிசு வாங்கியவர், தீவிரமாகப் படம் வரைய ஆரம்பித்தது அறுபதைத் தாண்டிய பிறகு. கைப்பிரதிகளில் வேண்டாத சொற்களை அடித்துவிடுவார். அந்த அடித்தல்களை ஒன்றோடொன்று இணைத்து, பறவையாகவும் இன்ன விலங்கென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றாகவும் இழுத்துக்கொண்டே போவார். அவருடைய ஓவிய வாழ்க்கை அந்த அடித்தல் திருத்தல்களிலிருந்து கிளம்பியதுதான். 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது வயது அறுபத்தொன்பது. கவிதைக்கென்று வைத்த தாளில், கவிதையிலிருந்து வெளியேற்றப்பட்ட சொற்களின் மேல் வரைந்தவர் அவர். ஓவியத்துக்கென்று தனித்தாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

நேரத்துக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். காலையில் அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். அதுவரை அடுப்பங்கரையில் நின்றுகொண்டு போன் பார்ப்பேன். அந்த ஏழு நிமிடத்தைப் படத்துக்கு எழுதிவைத்தேன். தண்ணீர் கொதித்தால் பேனாவை மூடிவிட வேண்டும், பாதியில் நின்றாலும் சரி. இந்த "பாதியில் நின்றாலும் சரி" மிகவும் உதவியது. முடிக்காத படம் கெட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நானே சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் வரையலாம் என்று திட்டம் போட்ட நாட்களில் ஒன்றும் நடந்ததில்லை. பெரிய நேரம் ஒதுக்கினால் அதற்குத் தகுந்தாற்போல் பெரிதாக ஏதாவது வர வேண்டும் என்று மனம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

எதை வரைவது? இந்தக் கேள்வி எல்லோரையும் போல் என்னையும் பிடித்தது. முதல் வாரம் ஏழு நிமிடத்தில் ஐந்து நிமிடம் எதை வரையலாம் என்று தேடுவதிலேயே போனது. எரிச்சலில் கண்ணெதிரே இருந்த கோப்பையையே எடுத்துக்கொண்டேன். வெள்ளைப் பீங்கான், ஒரு கைப்பிடி. கையிலிருக்கும் தாள்கட்டு தீரும்வரை இதையேதான் என்று முடிவுசெய்தேன். எண்ணிப் பார்த்தால் நாற்பது தாள்.

முதல் ஐந்து நாளும் நான் வரைந்தது அந்தக் கோப்பையே இல்லை. மேலே ஒரு நீள்வட்டம், இரண்டு பக்கமும் கோடு, கீழே மட்டமாக ஒரு கோடு, காது மாதிரி கைப்பிடி. மூளையில் பதிந்துகிடக்கும் ஏதோ ஒரு பொதுக் கோப்பை. ஆறாம் நாள்தான் அடிப்பாகம் மட்டமாக இல்லை, வளைந்திருக்கிறது என்று பட்டது. அதுவும் வாயைவிட அதிகமாகவே வளைந்திருக்கிறது. நம்ப முடியாமல் குனிந்து, முழந்தாளிட்டு, கண்ணை மேடையின் விளிம்புக்குக் கொண்டுபோனேன். கண் மட்டம் கோப்பையின் வாய்க்குச் சரியாக வந்தபோது அந்த நீள்வட்டம் முழுசும் ஒரே கோடாகப் படுத்துவிட்டது. மெல்ல எழுந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. கண் மட்டத்தை நெருங்க நெருங்க வட்டம் தட்டையாகும், கீழே போகப் போக உருண்டையாகும். அடிப்பாகம் கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால் அது கூடுதலாக உருண்டு தெரிகிறது. புத்தகங்களில் இது முதல் பாடமாக இருக்கும். நான் முட்டிபோட்டுக் கண்டுபிடித்ததால் எனக்கு அது சொத்து. பையன் பல் துலக்கிக்கொண்டே வந்து, "அம்மா, கோப்பைகிட்ட என்ன ரகசியம் கேக்கறே?" என்றான்.

கைப்பிடி இரண்டு வாரம் பாடாய்ப் படுத்தியது. எப்படிப் போட்டாலும் ஒட்டவைத்த மாதிரி துருத்தியது. பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, கைப்பிடிக்கும் கோப்பைக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையை மட்டும் வரைந்தேன். அதற்குப் பெயர் கிடையாது, அதனால் அது எப்படி இருக்க வேண்டும் என்று மூளைக்கு முன்முடிவும் கிடையாது. மேலே அகலம், கீழே குறுகி, ஒரு பக்கம் சற்று நேராக ஒரு வடிவம். அதைச் சரியாகப் போட்டதும் கைப்பிடி தானாக வந்து உட்கார்ந்தது. இப்போதும் எது வரவில்லையோ அதை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வரைகிறேன். நாற்காலிக் கால்களுக்கு நடுவே, உலரும் துணிகளுக்கு நடுவே, இலைகளுக்கு நடுவே. கற்றுக்கொண்டதில் இதைத்தான் யாருக்கும் முதலில் சொல்வேன்.

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் கோப்பையைப் பார்த்தாலே கோபம் வந்தது. இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? பிடிவாதத்துக்கு இடது கையால் வரைந்தேன். கோடு நடுங்கிக்கொண்டு போனது. அந்த நாற்பதில் சுவரில் ஒட்டும்படி ஒன்று உண்டென்றால் அதுதான்.

முப்பத்தொன்றாம் நாள், வெயில் கொஞ்சம் சாய்வாக விழுந்தபோது, விளிம்பில் ஒரு சின்ன உடைசல் தெரிந்தது. புதிதாக உடைந்ததல்ல. பையன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கழுவப் போய்த் தட்டிய உடைசல். அந்த இடத்தில் உதடு படாமல் திருப்பிவைத்துத்தான் தினமும் குடிக்கிறேன். என் உதட்டுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது நாள் உற்றுப் பார்த்த கண்ணுக்குத் தெரியவில்லை. மூளை அதைச் சத்தமில்லாமல் ஒட்டுப்போட்டு முழுசாக்கிக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கு ஏழு நிமிடத்தையும் தாண்டி அந்த உடைசலை மட்டும் வரைந்தேன். தண்ணீர் கொதித்துப் பாதி வற்றிவிட்டது.

அகத்தூண்டல் என்று சொல்கிறார்களே, அது இப்படித்தான் வருகிறது என்றால் நான் அதைத் தப்பான இடங்களில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அழகான காட்சி, பயணம், மழை, ஓவியக் கண்காட்சி, மற்றவர்கள் வரைந்த படங்கள் என்று. மற்றவர்கள் வரைந்த படங்களால்தான் எனக்குப் பாதி கேடு. நிறைய நல்ல படம் பார்த்தால் கை வரும் என்று நினைத்து ராத்திரி ராத்திரியாகப் போனில் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். பார்த்து முடிக்கும்போது கை இன்னும் குன்றிப்போயிருக்கும். அங்கே இருப்பவை ஆயிரம் பேர் வரைந்ததில் தேறியவை. தேறாதவற்றை யாரும் காட்டுவதில்லை.

இத்தாலியில் மொராந்தி என்று ஒரு ஓவியர் இருந்தார், 1890 முதல் 1964 வரை. போலோன்யா நகரில் சகோதரிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, படுக்கையும் ஓவியக்கூடமுமான ஓர் அறையில் பல பத்தாண்டுகள் பாட்டில்களையும் கிண்ணங்களையும் தகர டப்பாக்களையும் மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். அதே பாட்டில், பக்கத்துப் பாட்டிலிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி. எனக்கு முன்பு அந்தப் படங்கள் அலுப்பாக இருக்கும். இந்த மனிதருக்கு வேறு வேலையில்லையா என்று பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். நாற்பது கோப்பைக்குப் பிறகு பார்த்தபோது, இரண்டு பாட்டில்களுக்கு நடுவில் இருக்கும் அந்த இடுக்கை அவர் எவ்வளவு கவலையோடு அளந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு சில படங்களில் அந்த இடுக்கைப் பார்த்தால் மூச்சு நிற்கிறது.

சாமான்களைப் பற்றிக் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேனாவுக்கு நகலெடுக்கும் தாள் போதும், அது 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். வாட்டர்கலர் அதில் போட்டால் அலை அலையாகச் சுருளும், அதற்கு 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும். அந்தத் தாளைக் கால்வாசியாக வெட்டி வைத்துக்கொண்டால் பயமும் கால்வாசியாகும். பென்சில் வேண்டுமென்றால், மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும் பி வரிசையில் 2பியும் 6பியும் போதும். ஹெச் வரிசையில் களிமண் அதிகம், கோடு கெட்டியாகவும் வெளிறியும் வரும். பென்சிலின் கறுப்புப் பொருளான கிராஃபைட்டோடு களிமண் கலந்து சுடுவது 1795இல் கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த வழி, போரினால் இங்கிலாந்துக் கிராஃபைட் வராமல்போன காலத்தில். உலகத்துப் பென்சில் எல்லாம் ஒரு தட்டுப்பாட்டில் பிறந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். வண்ணத்துக்கு இரண்டே குப்பி வைத்திருக்கிறேன், அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற சுட்ட பழுப்பும். இரண்டையும் குழைத்தால் விதவிதமான சாம்பல் நிறங்கள், கெட்டியாகக் குழைத்தால் ஏறக்குறையக் கறுப்பு. இருபத்துநான்கு வண்ணப் பெட்டி வாங்கி எதைத் தொடுவது என்று திகைத்தவள் சொல்கிறேன்.

வகுப்புக்கும் போனேன். வார இறுதியில், நாலு வாரம். அங்கே கற்பித்தவர் நல்ல கைக்காரர், சந்தேகமில்லை. ஆனால் யார் தடுமாறினாலும் பின்னாலிருந்து வந்து, கையிலிருந்து பென்சிலை வாங்கி, நம் படத்தின் மேலேயே நான்கு கோடு இழுத்துச் சரிசெய்துவிடுவார். படம் பளிச்சென்று ஆகிவிடும். மூன்றாம் வாரம் நான் 'வரைந்த' ஜாடியை வீட்டில் எல்லோரும் புகழ்ந்தார்கள். அதிலிருந்த நல்ல கோடுகள் எதுவும் என்னுடையதல்ல. பதினாறு வயதில் வயிற்றில் உட்கார்ந்திருந்த அதே கல் மறுபடி வந்து உட்கார்ந்தது. நாலாவது வாரத்தோடு நின்றுவிட்டேன். அவரிடமிருந்து ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டேன், அதற்கு நன்றி: கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. இமையைப் பாதி மூடினால் பூவேலை, எழுத்து, விவரம் எல்லாம் மங்கி, இருட்டு எது வெளிச்சம் எது என்பது மட்டும் நிற்கும். முதலில் அதைப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வகுப்பு தேடுகிறவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். கற்பிப்பவர் தன் தாளில் வரைந்து காட்டுகிறாரா, உங்கள் தாளில் கைவைக்கிறாரா?

படங்களை நாலு பேருக்குக் காட்டுவதிலும் அடிபட்டேன். இருபதாவது கோப்பையைப் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டேன். அன்றைக்கு முழுதும் போனை எடுத்து எடுத்து யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்ததில், அலுவலகத்தில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டேன். மறுநாள் காலை கோப்பை முன்னால் நின்றபோது, இது எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று மனசு ஓடியது. இடது பக்கம் பார்க்கும் பெண்கள் ஞாபகம் வந்தார்கள். அன்றோடு அதை நிறுத்தினேன். யாருக்கும் காட்டாமலே இருப்பதும் ஒத்துவரவில்லை, கொஞ்ச நாளில் வறட்சியாகிவிடுகிறது. இப்போது ஒரே ஒருத்திக்கு அனுப்புகிறேன், கூட வேலைபார்ப்பவள். அவள் துணியில் தைக்கிறவள். வெள்ளிக்கிழமை தோறும் நான் ஒரு படம், அவள் ஒரு தையல். ஒரே நிபந்தனை: நன்றாக இருக்கிறது என்று இருவரும் சொல்லக் கூடாது. கண்ணில் என்ன படுகிறதோ அதைச் சொல்ல வேண்டும். "குடையின் கம்பி ஒன்று மட்டும் அவசரத்தில் போட்ட மாதிரி இருக்கு" என்று எழுதுவாள். சரியாக அந்த இடத்தில்தான் தண்ணீர் கொதித்திருக்கும்.

தனியாக இருக்கும்போது தவறு தெரிய வேண்டுமென்றால் கண்ணாடிதான் வழி. படத்தைக் கண்ணாடியில் காட்டினால் இடவலம் மாறி வேறு யாரோ வரைந்த மாதிரி தெரியும், சாய்ந்த கண்ணும் கோணின தாடையும் பட்டென்று பிடிபடும். மோனாலிசாவை வரைந்த லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் சொல்லிவைத்திருக்கும் உபாயம் இது. ஐந்நூறு வருடமாகியும் வேலை செய்கிறது. என் நேர்முகங்களை அப்படித்தான் மீட்டேன். கண்களை எப்போதும் நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டிருந்தேன் என்று அதில்தான் தெரிந்தது. அளந்து பார்த்தால் கண் இருப்பது தலையின் பாதி உயரத்தில், உச்சிக்கும் தாடைக்கும் சரிநடுவில். முடிக்கும் நெற்றிக்கும் இவ்வளவு இடம் போகும் என்று மனம் ஒப்புக்கொள்ளாது.

எல்லா நாளும் வரைகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். போன வருடம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயத்தில் ஐந்து வாரம் பேனாவைத் தொடவில்லை. ஐந்து வாரம் விட்ட பிறகு, பயம் பழையபடியே, ஒரு துளி குறையாமல், வாசலில் நின்றது. வளர்ந்துவிட்டேன் என்று நினைத்ததெல்லாம் எங்கே போனதோ. அப்போது கோப்பைக்கே திரும்பினேன். நாற்பது தடவை போட்ட பொருள், கை வழி மறக்கவில்லை. மூன்று நாள் கோப்பை, அப்புறம் வேறு. எல்லோருக்கும் அப்படித் திரும்பிப் போக ஒரு பொருள் இருந்தால் நல்லது. சாவிக்கொத்தோ, மூக்குக் கண்ணாடியோ, ஏதோ ஒன்று.

தம்பியின் ஸ்கெட்ச்புக்கையும் திறந்துவிட்டேன். முதல் பக்கத்தில் அம்மாவின் மாத்திரைப் பட்டியலை எழுதினேன், காலை எது, இரவு எது என்று. இரண்டாம் பக்கத்தில் வீட்டிலிருந்த பேனாக்கள் எல்லாம் எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தேன். மூன்றாம் பக்கம் அந்த மருந்து ரசீது, நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டியது. நான்காம் பக்கத்திலிருந்து அது சாதாரண நோட்டு. தம்பி வந்தபோது எடுத்துப் புரட்டிவிட்டு, "என்னக்கா, இவ்வளவு நல்ல நோட்டுல மாத்திரை பேரெல்லாம் எழுதி வச்சிருக்கே?" என்று வருத்தப்பட்டான். சொன்னால் அவனுக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன். பிறகு அவனாகவே செருப்புப் பக்கத்தில் நின்றான். "அம்மாவோடது" என்றான்.

இப்போது கைகளை வரையும் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. முப்பது வருடமாகப் பின்னால் கட்டிவைத்த கைகளை முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கிறது. என் இடது கையையே வைத்துப் போடுகிறேன், டப்பா மூடியைத் திறக்கிற மாதிரி, நூல் கோக்கிற மாதிரி. விரல்கள் இன்னும் கத்தரிக்காயாகத்தான் வருகின்றன. நேற்று மத்தியானம் கணவர் சோபாவில் மார்பின் மேல் செய்தித்தாளோடு தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல கை, தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. வரைய ஆரம்பித்தேன். பாதியில் புரண்டு படுத்தார். விடாமல் மற்றக் கையைத் தொடர்ந்தேன், மறுபடி புரண்டார். பேனாக் கோடு, அழிக்க வழியில்லை. படத்தில் அவருக்கு மூன்று கைகள் இருக்கின்றன. மூன்றாவது கொஞ்சம் கை மாதிரியே இருக்கிறது.